பட்டியலின் கடைசிப் பாகம்

வாக்காளர் பட்டியலில் எங்கள் ஊர்க்காரர்கள் தெரு வரிசையில் வருவார்கள். வீட்டு எண், தகப்பன் பெயர், வயது என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். பட்டாளத்துக்குப் போனவனின் பெயர் அந்த வரிசையில் இருக்காது. தொகுதி முழுவதிலிருந்தும் ராணுவத்தில் இருப்பவர்களைச் சேர்த்துக் கடைசியில் தனியாக ஒரு பாகம் போடுவார்கள். நான் 1980-இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து 2002-இல் ஹவில்தாராக வெளியே வரும்வரை அந்தக் கடைசிப் பாகத்தில்தான் குடியிருந்தேன். ஊரில் யாரும் அதைப் புரட்டிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தேர்தல் சமயத்தில் லீவில் வந்திருந்தால் வேடிக்கையாக இருக்கும். கட்சிக்காரர்கள் நோட்டோடு வாசலுக்கு வருவார்கள்.

“இந்த வூட்ல எத்தினி ஓட்டுமா?”

“அஞ்சு” என்பாள் அம்மா.

“பெரியவன் மிலிட்டரி தானே? அப்போ நாலு” என்று எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள். நான் அவர்கள் எதிரிலேயே திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. “எப்போ வந்தீங்க, எங்க டூட்டி?” என்று விசாரிப்பார்கள். ஒருவர் ரம் கூடக் கேட்டிருக்கிறார். ஓட்டு மட்டும் கேட்டதில்லை.

வேலூர்ப் பக்கத்தில் இது ஒரு வீட்டுச் சங்கதி அல்ல. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிற மாவட்டம் இது. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை பட்டாளத்தில் இருந்த வீடுகள் உண்டு. அத்தனை பேர் இருந்தும் எந்தக் கட்சிக் கணக்கிலும் நாங்கள் வரவில்லை. நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். பின்னாளில் பென்ஷனுக்காக டெல்லித் தெருவில் நாங்கள் போய் உட்கார்ந்த கதைக்கு வேர் இந்தத் திண்ணையில்தான் இருக்கிறது.

நான் சேர்ந்தபோது வாக்குரிமை வயது 21. துப்பாக்கியைக் கையில் கொடுக்க 18 போதும். 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து 1989-இல்தான் ஓட்டுக்கும் 18 ஆனது. 1971 போரில் பத்தொன்பது இருபது வயதில் இருந்தவர்களுக்கு அந்தப் போரை நடத்திய அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்க ஓட்டே கிடையாது. இதை எங்கள் சுபேதார் சாப் ஒருவர் லங்கரில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. ரேஷனில் முட்டை குறைந்ததைச் சொல்லும் குரலில் சொன்னார்.

எனக்கு ஓட்டு வயது வந்தபின் வந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1984 டிசம்பர். தமிழ்நாட்டில் சட்டசபைக்கும் சேர்த்தே நடந்தது. நாங்கள் அருணாசலத்தில் ஒரு மலை முகாமில் இருந்தோம். எம்ஜிஆர் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். அவர் ஜெயித்த செய்தி ரேடியோவில் வந்தது. என் ஓட்டுச்சீட்டு பொங்கல் முடிந்து வந்தது. உறையைப் பிரித்து, சின்னங்களைப் பார்த்து, பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ட்ரங்க் பெட்டியில் போட்டு வைத்தேன். எரித்துவிடு என்று எங்கள் கம்பெனி கிளார்க் மிரட்டினான். அதற்கென்று சட்டம் ஏதும் இருக்கிறதா என்று அவனுக்கும் தெரியாது.

ஏன் நேரத்துக்கு வரவில்லை என்பதைப் பின்னாளில் முன்னாள் படைவீரர் சங்கத்து வேலையில் இறங்கிய பிறகு விலாவாரியாகத் தெரிந்துகொண்டேன். வேட்புமனுவை வாபஸ் வாங்கும் நாள் முடிந்தால்தான் யார் யார் நிற்கிறார்கள் என்பது உறுதியாகும். அதன்பிறகுதான் சீட்டு அச்சாகும். அச்சானதை உறையிலிட்டு அனுப்பினால் அது ரெக்கார்ட் ஆபீஸ் போகும். எங்களுக்கு அது வெலிங்டன். அங்கிருந்து ஏபிஓ என்ற ராணுவத் தபால் நிலையம் வழியாகப் பட்டாலியன், பட்டாலியனிலிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து போஸ்ட். ரேஷன் ஏற்றிப்போகும் கோவேறு கழுதையோடு சேர்ந்து ஓட்டும் மேலே ஏறும். அங்கே உறுதிமொழிப் படிவத்தில் அதிகாரி சான்றுக் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டை உள் உறையில் வைத்து ஒட்டி, அதையும் படிவத்தையும் வெளி உறையில் வைத்து ஒட்டி, வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். ஓட்டு எண்ணும் நாள் காலை எட்டு மணிக்குள் அது போய்ச் சேரவேண்டும். வாபஸுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவில் குறைந்தது 20 நாள் இருக்கவேண்டும் என்று முன்பு சட்டம் இருந்தது. 1996-இல் அதை 14 நாளாகக் குறைத்தார்கள். வேட்பாளருக்குச் செலவு குறையும், ஊருக்கு மைக் சத்தம் குறையும். எல்லையில் இருப்பவனுக்கு ஆறு நாள் போனது யார் கண்ணிலும் படவில்லை.

அதே 1996-இல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் வேட்பாளராக நின்றார்கள். ஓட்டுச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். ஈரோட்டுப் பக்கத்து நாயக் ஒருவன் எங்கள் பிளாட்டூனில் இருந்தான். “உனக்கு இந்தத் தடவை பார்சல்ல வரும்டா” என்று ஆளாளுக்கு அவனைக் கேலி செய்தோம். அவனுக்குப் பார்சலும் வரவில்லை, கடிதமும் வரவில்லை.

நாங்கள் அப்போது காஷ்மீரில் இருந்தோம். அந்த மே மாதத்தை மறக்க முடியாது. தீவிரவாதம் தலையெடுத்தபின் பள்ளத்தாக்கில் நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல் அது. ஓட்டுப் போடக்கூடாது என்று இயக்கங்கள் மிரட்டியிருந்தன. உள்ளூர் அரசு ஊழியர்கள் தேர்தல் வேலைக்கு வர மறுத்ததால் அலுவலர்களையே வெளி மாநிலங்களிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். வால்நட் மரங்களுக்கு நடுவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு என் செக்ஷன் காவல். முந்தின நாள் இரவே போய்ச் சுற்றிலும் மண்மூட்டை அடுக்கி, மேலே எல்எம்ஜி துப்பாக்கி வைத்தோம்.

விடிந்ததும் வெகுநேரம் யாரும் வரவில்லை. பிறகு கும்பலாக வந்தார்கள். தானாக வந்தவர்களும் இருந்தார்கள். வரச்சொல்லி வந்தவர்களும் இருந்தார்கள். வீடு வீடாகத் தட்டி மக்களைக் கொண்டுவந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. நான் நின்ற இடத்தில் என் செக்ஷன் யாரையும் இழுத்து வரவில்லை. அடுத்த ஊரில் என்ன நடந்தது என்பதற்கு நான் ஜவாப்தாரி ஆக முடியாது. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்கள் விரல் மையை மண்ணில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்ததை மட்டும் நான் கண்டேன். போட்டவனுக்கு ஒரு பக்கத்திலிருந்து பயம், போடாதவனுக்கு இன்னொரு பக்கத்திலிருந்து பயம்.

மத்தியானம் கூட்டம் குறைந்தபோது பூத் அதிகாரி வெளியே வந்து பீடி பற்றவைத்தார். இந்தி பேசும் ஊரிலிருந்து வந்த பள்ளிக்கூட வாத்தியார். பயத்தில் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத மனிதர். “நீங்கள் எந்த ஊர்? அங்கே ஓட்டு முடிந்துவிட்டதா?” என்று கேட்டார். எல்லாம் முடிந்து, எண்ணி, கருணாநிதி முதலமைச்சராகவே ஆகிவிட்டார் என்றேன். “உங்கள் ஓட்டு?” வரவில்லை என்றேன். தன்னுடையதும் போயிற்று என்றார். ஓட்டுப் போடாத இரண்டு பேர் சேர்ந்து அந்த ஊரில் தேர்தலை நடத்தி முடித்தோம். பெட்டியை அரக்கு வைத்து மூடி, கான்வாயில் ஏற்றி, ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அந்தப் பெட்டிக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தோம் என்பது மிகையில்லை. போகிற வழியில் கண்ணிவெடி இருக்கலாம் என்று எங்களுக்குச் சொல்லியே அனுப்பியிருந்தார்கள்.

2003-இல் ஒரு வழி பிறந்தது. ராணுவத்தில் இருப்பவன் தன் தொகுதியில் வசிக்கும் ஒருவரைப் பதிலாளாக நியமிக்கலாம். அவர் பூத்துக்குப் போய் இவனுக்காக ஓட்டுப் போடலாம். பதிலாளுக்கு மை இடது கை நடுவிரலில். எங்கள் தெருப் பையன் ஒருவன் தன் அப்பாவை நியமித்தான். அப்பா இரண்டு விரலிலும் மையோடு வந்து, “என் ஓட்டும் உதயசூரியன், உன் ஓட்டும் உதயசூரியன்” என்று போனில் சொன்னாராம். பையன் இரட்டை இலை. ஒரு வருடம் இருவருக்கும் பேச்சில்லை.

எனக்கு அந்த வழி தேவைப்படவில்லை. முந்தின வருடமே வெளியே வந்துவிட்டேன். 2004 மே மாதம் முதல் முறையாக ஒரு பூத்துக்குள் ஓட்டுப் போடுவதற்காக நுழைந்தேன். பூத் வாசலில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். உள்ளே என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை. அந்தத் தேர்தலில் எல்லா இடத்திலும் மெஷின் வந்துவிட்டது. என் மனைவிதான் முன்னால் போய், “பட்டனை அமுக்கிட்டு சத்தம் வர்றவரைக்கும் நில்லுங்க” என்று சொல்லிக்கொடுத்தாள்.

பென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். சிவிலில் இருப்பவர் 58, 60 வயது வரை வேலை பார்க்கிறார். சிப்பாய் நாற்பதை ஒட்டிய வயதிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறான். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் இருக்கும். இதற்காகத்தான் முன்பு சிப்பாய்க்குக் கடைசிச் சம்பளத்தில் 70 சதவீதம் பென்ஷன் இருந்தது என்றும், 1973-இல் மூன்றாவது சம்பளக் கமிஷனோடு எல்லோருக்கும் 50 சதவீதம் என்று ஆக்கிவிட்டார்கள் என்றும் சங்கத்துப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். அதோடு ஒவ்வொரு சம்பளக் கமிஷன் வந்தபோதும் பழையவனுக்கும் புதியவனுக்கும் இடைவெளி கூடியது. அதே ரெஜிமெண்டில், அதே பதவியில், அதே வருஷக் கணக்கில் வேலை பார்த்தவன் எனக்குப் பின்னால் ரிட்டையரானான் என்பதற்காகக் கூட வாங்கினான். ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் என்று நாங்கள் கேட்டது இதைத்தான். பகத்சிங் கோஷியாரி தலைமையில் மாநிலங்களவை மனுக்கள் குழு 2011-இல் இதை நியாயம் என்று எழுதிக்கொடுத்தது. அறிக்கை அறிக்கையாகவே இருந்தது.

தேர்தல் நெருங்கியபோதுதான் அசைவு வந்தது. 2013 செப்டம்பரில் ஹரியாணாவின் ரேவாரியில் முன்னாள் படைவீரர்கள் கூட்டத்தில் நரேந்திர மோடி பேசினார். பிரதமர் வேட்பாளராக அறிவிக்கப்பட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் ப. சிதம்பரம் ஒரே பதவி, ஒரே ஓய்வூதியத்துக்கென்று 500 கோடி ஒதுக்கினார். மார்ச் முதல் வாரம் தேர்தல் தேதி வந்தது. இத்தனை வருடம் எங்களைக் கண்டுகொள்ளாதவர்கள் இப்போது ஏன் பார்க்கிறார்கள் என்று யோசித்தேன். ரிட்டையரானவர்கள் லட்சக்கணக்கில் ஊர்களில் சேர்ந்துவிட்டோம். கடைசிப் பாகத்திலிருந்து தெரு வரிசைக்கு வந்துவிட்டோம். மனைவி, மருமகள், மச்சான் என்று ஒரு வீட்டில் ஆறேழு ஓட்டு. யூனிஃபாரம் போட்டிருந்தவரை நாங்கள் சுவரொட்டிக்குப் படம் மட்டும்தான். அதைக் கழற்றிய பிறகே நோட்டில் ஏறினோம்.

2015 ஜூன் மத்தியில் டெல்லி ஜந்தர் மந்தரில் தொடர் உண்ணாவிரதம் ஆரம்பித்தது. எங்கள் சங்கத்திலிருந்து ஆள் மாற்றி ஆள் போனோம். சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி, கோட்டு, மெடல், பெரே தொப்பி எல்லாம் பையில் வைத்துக்கொண்டு போனேன். அந்த வெயிலில் கோட்டைப் போட முடியவில்லை. சட்டையிலேயே மெடலைக் குத்திக்கொண்டோம். பங்களா சாகிப் குருத்வாராவில் இரவுச் சாப்பாடு. சப்பாத்தி அலுத்துப்போனால் அந்தத் தெருவிலேயே இருக்கும் கேரளா ஹவுஸ் கேன்டீனில் சோறும் மீனும். பஞ்சாபி, ஜாட், கூர்க்கா, கட்வாலி, நாங்கள் “தம்பி”கள். ரெஜிமெண்டுகளில் பிரித்து வைக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஒரு பந்தலில்.

ஒரு விஷயம் சொல்லாமல் போனால் இது முழுச் சாட்சியம் ஆகாது. பந்தலில் நாற்காலி வரிசையும் இருந்தது, தரையில் ஜமுக்காளமும் இருந்தது. யாரும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் அதிகாரிகளாக இருந்தவர்கள் நாற்காலியிலும் நாங்கள் ஜமுக்காளத்திலும் உட்கார்ந்தோம். டிவி மைக் நாற்காலிப் பக்கம் போயிற்று. ஆங்கிலமும் அங்கேதான் இருந்தது. அரசாங்கத்தோடு பேச உள்ளே போனவர்கள் ஜெனரல்கள், கர்னல்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் போராட்டம் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது. ஆனால் பென்ஷன் வாங்குபவர்களில் மிகப் பெரும்பாலோர் சிப்பாய், நாயக், ஹவில்தார். நாடாளுமன்றத்தை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். ஜஸ்வந்த் சிங், கந்தூரி, ராஜேஷ் பைலட், அமரீந்தர் சிங், வி.கே. சிங், ராஜ்யவர்தன் ரத்தோர் என்று பட்டாளத்துக்காரர்களாக ஊருக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் அதிகாரிகளின் பெயர்கள்.

ஆகஸ்ட் 14 காலை. மறுநாள் சுதந்திர தினம், பாதுகாப்புக் காரணம், இடத்தைக் காலி செய்யுங்கள் என்றார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை. போலீஸார் வரிசையாக வந்தார்கள். முதலில் பந்தல் கயிறு அறுந்தது, பிறகு துணி எங்கள் மேலேயே விழுந்தது. துணிக்கு அடியில் இருந்த சில நொடிகளில் யார் தள்ளுகிறார்கள், யார் விழுகிறார்கள் என்று தெரியவில்லை. என் பக்கத்தில் 1965 போரில் இருந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது அவர் சட்டை தோளிலிருந்து கிழிந்து, மெடல் ரிப்பன் ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் இளைய கான்ஸ்டபிள் அவர் முழங்கையைப் பிடித்திருந்தான். பெரியவர் அவனைத் திட்டவில்லை. “எந்தக் கிராமம், உன் வீட்டில் யார் பட்டாளத்தில்?” என்று இந்தியில் கேட்டார். அந்தப் பையன் கையை விட்டுவிட்டுப் பின்வரிசைக்குப் போய்விட்டான். அவன் வீட்டில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

எனக்கு அடி எதுவும் படவில்லை. ஆனால் கை நடுங்கியது. காஷ்மீரில் கல்லெறியும் கூட்டத்துக்கு எதிரில் தடுப்பு வைத்து நின்றிருக்கிறேன்; தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றது அன்றைக்குத்தான்.

டிவியில் படம் ஓடியதும் நாடே பேசியது. சாயங்காலத்துக்குள் உட்கார விட்டுவிட்டார்கள். உயர் அதிகாரி ஒருவர் வந்து வருத்தம் தெரிவித்தார். அன்றைக்கே ராகுல் காந்தி வந்தார். கூட்டத்தில் ஒரு பகுதி அவரைத் திரும்பிப் போகச் சொல்லிக் கூச்சல் போட்டது. “இங்கே அரசியல் கிடையாது” என்று ஒருவர் மைக்கில் கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. தலைநகரத்தின் நடுவில் பந்தல் போட்டு உட்கார்ந்து அரசாங்கத்திடம் பணம் கேட்பதற்கு வேறு என்ன பெயர்? ராணுவ விதி அரசியல் கூட்டத்தின் பக்கமே போகாதே என்கிறது. இருபது வருடம் அதைக் கடைப்பிடித்தவன் ரிட்டையரானதும் அதை யூனிஃபாரத்தோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எங்களில் பலர் கொடுக்கவில்லை. அரசியல் என்றாலே அழுக்கு என்றார்கள். நம் வேலை மட்டும் அரசியல்வாதியால் நடக்கவேண்டும் என்றார்கள்.

மறுநாள் செங்கோட்டையிலிருந்து பிரதமர் பேசியதை ஒருவர் போனில் ஸ்பீக்கர் போட்டுச் சுற்றி நின்று கேட்டோம். கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டோம், பேச்சு நடக்கிறது என்றார். தேதி சொல்லவில்லை. இரண்டொரு நாளில் ஒரு கர்னலும் ஒரு ஹவில்தாரும் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஒரே தரையில், ஒரே மாதிரிப் படுக்கையில். அந்தப் போராட்டத்தில் நாற்காலியும் ஜமுக்காளமும் சமமாக இருந்த இடம் அது ஒன்றுதான். 1965 போரின் ஐம்பதாவது ஆண்டு விழாவை ராஜ்பாத்தில் பெரிதாக ஏற்பாடு செய்திருந்தார்கள், நாங்கள் போகவில்லை.

செப்டம்பர் 5, சனிக்கிழமை. பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அறிவித்தார். 2014 ஜூலை 1 முதல் அமல், 2013-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துக் கணக்கு, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறு நிர்ணயம். விருப்ப ஓய்வில் போனவர்களுக்குக் கிடையாது என்று ஒரு வரி இருந்தது. பந்தலில் ஒரு பக்கம் லட்டு, மறுபக்கம் கூச்சல். மறுநாள் பரீதாபாத்தில் பிரதமர் அந்த வரிக்கு விளக்கம் கொடுத்து, முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்றார். செப்டம்பர் 9-இல் பீகார் தேர்தல் தேதிகள் வந்தன. இந்தத் தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். நாங்கள் பட்டினி கிடந்ததும் ஒரு காரணம், காலண்டரும் ஒரு காரணம்.

தொடர் உண்ணாவிரதம் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை மறு நிர்ணயம் வேண்டும் என்பது கோரிக்கை. கூட்டம் மெலிந்தது. 2016 நவம்பரில் ஹரியாணாவைச் சேர்ந்த முன்னாள் சுபேதார் ஒருவர் இந்தக் கோரிக்கைக்காக டெல்லியில் உயிரை விட்டார். அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. 2017 அக்டோபரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் ஜந்தர் மந்தரில் இருந்த எல்லாப் பந்தல்களும் அகற்றப்பட்டன, எங்களுடையதும் சேர்த்து. 2022 மார்ச்சில் ஐந்து வருட முறை சரிதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-இல் சிப்பாய்களும் சுபேதார் நிலை ஜேசிஓ-க்களும் அதே இடத்துக்குத் தனியாகப் போனார்கள். ராணுவப் பணிக்கான தனிப்படி அதிகாரிக்கு 15,500 ரூபாய், எங்களுக்கு 5,200. அதே பனியில் நிற்பதற்கு இரண்டு விலை எப்படி என்பது அவர்கள் கேள்வி. ஜமுக்காளத்தில் இருந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு மைக் வாங்கிக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓட்டு விஷயத்தில் ஒரு நல்லதும் நடந்தது. 2016-இல் விதியைத் திருத்தி, ஓட்டுச்சீட்டை இணையத்தில் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். முதலில் சோதித்த இடம் நமக்குப் பக்கத்தில்தான்: புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தல். போகிற பாதி வழி மின்னல் வேகம். திரும்புகிற பாதி பழைய தபால். அதற்கே எவ்வளவு மாற்றம் என்று பாருங்கள். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் பதிவு செய்திருந்த படைவீரர்களில் 4 சதவீதம் பேர் ஓட்டுதான் வந்து சேர்ந்தது. 2019-இல் 18 லட்சம் பேர் பதிந்து 60 சதவீதம் வந்தது. சிப்பாய்க்கு ஓட்டில் அக்கறை இல்லை என்று முன்பெல்லாம் சொன்னவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வேலூரில் மட்டும் 2019-இல் கூத்து. பணம் பிடிபட்டதால் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு தேர்தலையே ரத்து செய்தார்கள். எல்லையிலிருந்து அரும்பாடுபட்டு அனுப்பியவர்கள் ஆகஸ்டில் மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. முடிவில் வித்தியாசம் 8,141 ஓட்டு. மிலிட்டரிக் குடும்பங்களைக் கூட்டினால் அதைத் தாண்டுமே என்று சங்கத்தில் பேசிக்கொண்டோம். நாங்கள் மட்டும் பேசவில்லை போலிருக்கிறது. அதற்கடுத்த தேர்தலில் ஒரு வேட்பாளரின் ஆள் உறுப்பினர் பட்டியல் கேட்டு சங்கத்துக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தோம், பட்டியலைக் கொடுக்கவில்லை.

சட்ட மேலவை இருக்கும் மாநிலங்களில் பட்டதாரிக்குத் தொகுதி உண்டு, ஆசிரியருக்குத் தொகுதி உண்டு, பட்டாளத்துக்காரனுக்கு ஏன் இல்லை என்று சங்கத்தில் ஒருவர் எப்போதும் கேட்பார். தமிழ்நாட்டில் மேலவையே 1986-இல் போய்விட்டது. இருந்தாலும் எனக்கு அதில் ஆசையில்லை. நியமன இடம் ஒன்று வந்தால் அது ஒரு ஜெனரலுக்குத்தான் போகும். பக்கத்து ஊரில் முன்னாள் நாயக் ஒருவர் வார்டு உறுப்பினராக ஜெயித்து, பைப் லைன் போட்டுக்கொடுத்திருக்கிறார். எனக்கு அதுவே பெரிதாகத் தெரிகிறது.

2024 ஏப்ரலில் என் தம்பி மகன் போன் செய்தான். அக்னிவீராகச் சேர்ந்து வடக்கே இருக்கிறான்.

“பெரிப்பா, ஓட்டுச்சீட்டு பிரிண்ட் எடுத்துட்டேன். யாருக்குப் போடட்டும்?”

“அத உங்கப்பன் கிட்ட கேக்காத, என் கிட்டயும் கேக்காத. உறுதிமொழிப் படிவத்துல சாப் கையெழுத்து இருக்குதா பாரு. அத உள் உறைல போட்டு ஒட்டிடாத, செல்லாமப் போயிடும்.”

ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை. ஏழு கட்டமாக இழுத்ததில் அவன் தபால் நிதானமாக வந்து சேர்ந்திருக்கும். நான் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூட எண்ணப்படவில்லை. அவன் சேர்ந்த மறு வருடமே எண்ணப்பட்டுவிட்டான். ஆனால் அக்னிவீர்களில் நான்கு வருடம் முடிந்து நான்கில் ஒரு பங்கு ஆட்களைத்தான் நிறுத்திக்கொள்வார்கள். மீதிப் பேருக்குப் பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது.

போன கூட்டத்தில் இது வந்தது. திரும்பி வரும் அக்னிவீர்களைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கலாமா? நம் விதியில் முன்னாள் படைவீரர் என்றுதானே இருக்கிறது, அவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்களே என்றார் தலைவர். அவர் ரிட்டையர்டு மேஜர், நல்ல மனிதர். விதியைத் திருத்தலாம் என்று நான் எழுந்து சொன்னேன். கை தூக்கச் சொல்லுங்கள் என்றேன். ஜமுக்காளப் பக்கம் நிறையக் கைகள் எழுந்தன. எண்ணுவதற்குள், “அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்” என்று தலைவர் நோட்டை மூடிவிட்டார்.

அடுத்த கூட்டத்தில்தான் நிர்வாகிகள் தேர்தலும். தலைவர் பதவிக்கு இதுவரை போட்டி இருந்ததில்லை. நான் மனு கொடுத்திருக்கிறேன்.